பச்சோந்திக்கு ஒரு மலை

அந்த வருடம் வேலூரில் பங்குனி மாதமே நாற்பத்தாறு டிகிரியைத் தொட்டுவிட்டது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் குளிர்சாதன மின்சாரம். அதற்குமேல் ஒரு நிமிடம் ஓடினாலும் மீட்டரே அணைத்துவிடும். ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்கள் விடியற்காலை நான்கரைக்குத் தொடங்கின, கல்யாணங்கள் தரைக்கடியில் நடந்தன, மத்தியானத்தில் தெருவில் யாராவது நடந்தால் மற்றவர்கள் ஜன்னல் வழியே அவருக்காகக் கவலைப்பட்டார்கள். பரந்தாமனால் மட்டும் பழக முடியவில்லை.

பரந்தாமன் சத்துவாச்சாரியில் பத்திரம் எழுதுபவர். வயது நாற்பத்தொன்பது. மூன்று வருடங்களுக்கு முன்பு அவர் கால்களுக்கு ஒரு வினோதமான வியாதி வந்தது. நரம்பு மருத்துவர் ஒரு பழைய ஒயர் துண்டைக் காட்டி விளக்கினார். ஒயரின் மேலுறை தேய்ந்துபோனால் கரண்ட் சரியாகப் போகாது. இவருடைய நரம்புகளின் மேலுறையும் அங்கங்கே தேய்ந்திருக்கிறது. உடம்பு சூடானால் மூளை போடும் உத்தரவு கால் வரைக்கும் வந்து சேராது. குளுமையில் பரந்தாமன் எல்லோரையும் போல நடப்பார். முப்பது டிகிரியைத் தாண்டினால் கால்கள் துவளும். நாற்பதில் பேனா பிடிக்க வராது. ஆக, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் மனிதராகவும் மிச்ச நேரம் மூட்டையாகவும் அவர் இருந்துவந்தார்.

வெப்ப நிவாரண அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதிகப்படி குளிர் வேண்டுமென்று பரந்தாமன் அங்கே மனுக் கொடுத்தார். நேரில் வந்து நடக்க முடியாததை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். மருத்துவக் குழு உட்கார்ந்திருந்த அறை இருபத்திரண்டு டிகிரியில் இருந்தது. அந்த அறைக்குள் கொண்டுபோய் விட்டதும் பரந்தாமன் பத்தே நிமிடத்தில் எழுந்து நடந்து, குழுவுக்கு வணக்கமும் சொன்னார். விண்ணப்பதாரர் நன்றாக நடக்கிறார் என்று எழுதி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

அவர் மனைவி வசுமதி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி அடுக்குமாடிகளின் லிஃப்டுகள் அவள் கையால்தான் ஏறி இறங்கின. ஒருநாள் காட்பாடிப் பக்கம் ஒரு குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கதவின் அடியிலிருந்து சில்லென்று காற்று வந்தது. மத்தியானம் இரண்டு மணி. அவள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கதவுக்கு முன்னால் தரையிலேயே படுத்துக்கொண்டாள். கதவைத் திறந்த வீட்டுக்காரர் அவளைத் தாண்டிக் கால் வைத்து, உள்ளே ஒரு பனிப்பிரதேச ஆந்தை இருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். சட்டமே அப்படித்தான் என்றார்.

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஒரு கோடையில் மிருகக்காட்சிச் சாலைகளில் விலங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது வழக்கு நடந்து, அடைத்து வளர்க்கும் எந்த உயிருக்கும் அதன் சொந்த ஊர்த் தட்பவெப்பத்தைக் கொடுத்தே தீரவேண்டும், அதற்கான மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அளவு கிடையாது என்று தீர்ப்பாகியிருந்தது. மனிதனுக்கு ஏன் அந்தச் சலுகை இல்லை என்று யாரோ கேட்டதற்கு, மனிதனை யாரும் அடைத்துவைக்கவில்லையே என்று பதில் வந்ததாம்.

பரந்தாமன் அந்தச் சட்டத்தை மூன்று தடவை படித்தார். இருபத்தைந்து வருடங்களாகப் பத்திரம் எழுதியவர். எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத்தான் முதலில் பார்ப்பார்.

"கூண்டு குறைஞ்சபட்சம் இவ்ளோ இருக்கணும்னு போட்டிருக்கான் வசு. அதிகபட்சம் எவ்ளோன்னு போடல."

வசுமதி படுக்கையறையைத் திரும்பிப் பார்த்தாள்.

எந்தப் பிராணி என்பதில்தான் நான்கு நாள் சண்டை. வசுமதி பென்குவின் என்றாள். அந்தக் குளிரில் மூன்று பேரில் பென்குவின் மட்டும்தான் பிழைக்கும் என்றார் பரந்தாமன். மலைப்பாம்பு என்று அவர் ஆரம்பித்தபோது அவள் எழுந்து போய்விட்டாள். நம்மூர்ப் பச்சோந்தியை வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. இடமிருந்தாலும் உபயோகமில்லை, அது எந்த வெயிலிலும் வேலியில் சுகமாக உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு பட்டியலில் ஆப்பிரிக்க மலைக்காட்டுப் பச்சோந்தி அகப்பட்டது. மூக்கின் மேல் மூன்று கொம்பு, பண்ணையில் பிறந்தது, அனுமதி உண்டு. பகலில் இருபத்துநான்கு டிகிரி, இரவில் பதினாறு, காலையும் மாலையும் மூடுபனி. பரந்தாமன் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். ஏதோ நல்ல ஜாதகம் வந்ததுபோல வசுமதி சம்மதித்தாள்.

கூண்டு கட்ட மூன்று வாரம் ஆயிற்று. கூண்டு இயற்கையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. வசுமதி படுக்கையறையின் கூடத்துப் பக்கச் சுவரை இடித்து வலை அடித்தாள், ஏனென்றால் அந்தப் பிராணிக்குத் தேங்கிய காற்று ஆகாது. குளிர் தப்பாமலிருக்க வலையோரம் மின்விசிறிகளால் ஒரு காற்றுத்திரை போட்டாள். பிராணிக்குக் கண்ணாடியும் ஆகாது. தன் உருவத்தையே இன்னொரு ஆண் பச்சோந்தி என்று நினைத்துக் கோபத்தில் உடம்பு கெடுத்துக்கொள்ளுமாம். அலமாரிக் கண்ணாடி கழற்றப்பட்டது. குடைமரக் கன்றுகள் நான்கு, செம்பருத்தி இரண்டு, வலை முழுக்க மணிபிளான்ட். அதன் கால் இடுக்கி மாதிரி, கிளையைக் கவ்வித்தான் நடக்கும். அதனால் கட்டைவிரல் கனத்தில் சில, சுண்டுவிரல் கனத்தில் சில என்று காய்ந்த கொய்யாக் கிளைகளை உயரம் மாற்றி மாற்றிக் குறுக்கே கட்டினாள். கிண்ணத்தில் வைத்தால் அது தண்ணீர் குடிக்காது. இலையில் விழுந்து மின்னும் சொட்டைத்தான் நக்கும். அதற்காகக் கூரையில் பனித்தூவிக் குழாய்கள். வழிந்த தண்ணீரை வெளியேற்ற, லிஃப்ட் குழியில் மழைநீர் இறைக்கிற மோட்டார் ஒன்றைப் பொருத்தினாள். ஒரு மூலையில் வெயில் காய விசேஷ விளக்கு. கட்டிலைத் தென்னைநாராலும் பாசியாலும் மூடினார்கள். வரைபடத்தில் அதற்குப் பாறை என்று பெயர்.

ஒரு சிக்கல் இருந்தது. கூண்டுக்குள் பராமரிப்பாளர் ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கலாம். பிராணிகளுக்கான அரசு அலுவலகத்திலிருந்து வந்து கதவருகே ஒரு பெட்டியை மாட்டியிருந்தார்கள். அது உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணும், வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும், பச்சோந்தியின் நிறத்தைப் பார்த்து அதன் மனநிலையை அலுவலகத்துக்கு அனுப்பும். இதற்கும் பரந்தாமனே வழி கண்டார். பெட்டியை இயக்குவதற்கு முந்தின நாளே செடிகளோடு செடியாக அவர் உள்ளே போய்விட்டார். பெட்டியைப் பொறுத்தவரை அவர் உள்ளே வரவே இல்லை. குளியலறை உள்ளேயே இருந்தது. ஒரே ஒரு குறை, அவர் வெளியே வரக்கூடாது. வந்தால் கூண்டுக்குள் மைனஸ் ஒரு ஆள் இருப்பதாகக் கணக்கு போகும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் பனி இறங்கியது. பரந்தாமன் பாறையிலிருந்து எழுந்தார். சுவரிலிருந்து சுவர் வரை நடந்தார். பதினோரு எட்டு. திரும்பவும் பதினோரு எட்டு. வலைக்கு வெளியே வசுமதி வாயில் பல்துலக்கும் பிரஷை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் இருபதாவது தடவை திரும்பும்போது அவள் முகத்தைக் கழுவிக்கொள்ளச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பச்சோந்திக்கு மிராசு என்று பெயர் வைத்தார்கள். அறைக்குச் சட்டப்படி சொந்தக்காரர் அதுதானே. ஒரு சாண் உடம்பு, இன்னொரு சாண் வால். ஒரு எட்டு வைப்பதற்கு முன் காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி யோசிக்கும். ஒரு கண் வெட்டுக்கிளியைப் பார்க்கும்போது இன்னொரு கண் பரந்தாமனைப் பார்க்கும். பச்சோந்திகள் மனிதர் தொடுவதை விரும்பாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பரந்தாமன் அதைத் தொடவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்து பத்திரம் எழுதினார். விடியற்காலைக் குளிரில் அந்த அறையில் சூடாக இருந்தது அவர் கழுத்து ஒன்றுதான். இரண்டாவது வாரம் மிராசு கிளையிலிருந்து அவர் தோளுக்கு மாறிற்று. பிறகு இறங்குவதாகவே இல்லை.

பரந்தாமனுக்கு நல்ல காலம் பிறந்தது. வசுமதிக்குப் பிறக்கவில்லை. லிஃப்ட் சுரங்கங்களில் சூடு ஐம்பதைத் தொடும். வேலை முடிந்து வந்து, வலைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். உள்ளே கணவர் மூடுபனியில் தோளில் பச்சோந்தியோடு ஏதோ மலைத்தெய்வம் மாதிரி தெரிவார். வீட்டின் நான்கு மணி நேரக் குளிரைக் கூடத்தில் போட்டுக்கொள்ளலாமே என்று அவர் சொன்னபோது, இரண்டு பக்கமும் குளிர்சாதனம் ஓடினால் ஃபியூஸ் போய்விடும் என்றாள். அவளுக்கென்று இருந்த ஒரு மணி நேரத்தில் சோறு கொடுத்து, வெட்டுக்கிளிகளின் மேல் சுண்ணச்சத்துப் பொடி தூவி மிராசுவுக்குக் கொடுத்து, மிச்சமிருக்கும் முக்கால் மணி நேரம் பாறையில் படுத்துத் தூங்கிவிடுவாள். பேசிக்கொள்வதெல்லாம் வலை வழியாகத்தான். ஒருநாள் அவள் சுரங்கத்தில் மயங்கி, இடுப்புப் பட்டையில் தொங்கியபடி பத்து நிமிடம் கிடந்ததை அவளோடு வேலை செய்கிற பெண் போன் செய்து சொன்னாள்.

பரந்தாமன் அன்று சாப்பிடவில்லை.

"நான் வெளிய வந்துடறேன், வசு. அப்ப நீ உள்ள போனா பெட்டிக்குக் கணக்கு சரியாயிடும். ஆளுக்குப் பாதியா இருந்துக்கலாம்."

"நீங்க வெளிய வந்தா நான் வேலைக்கும் போயி, உங்களத் தூக்கியும் சுமக்கணும். பேசாம பத்திரத்த எழுதுங்க."

ஏழாவது வாரம் அந்த அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். பெயர் ஹெலன் சத்தியவாணி, ஐம்பதைத் தாண்டியவர். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். குடையும் அவரும் ஒரே மாதிரி வாடியிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, தான் வந்த விஷயத்தை வசுமதியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெட்டி அனுப்புகிற கணக்குப்படி இந்த வீட்டுப் பச்சோந்தி நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுகிறது. இரவில் குறட்டையும் விடுகிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் கவலையாக இருக்கிறது.

தடுத்து ஒன்றும் செய்வதற்கில்லை. வசுமதி கதவைத் திறந்தாள். பரந்தாமன் பச்சை லுங்கி கட்டிக்கொண்டு குடைமரத்துக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஹெலன் இலை இலையாக மிராசுவைத் தேடினார். கடைசியில் அது ஒரு தோளில் இருப்பதையும், தோளுக்கு மேலே ஒரு முகம் இருப்பதையும் கண்டார். அவர் கத்தவில்லை. கையிலிருந்த படிவத்தைத்தான் பார்த்தார்.

"இதுல நாலு மரம்னுதான் இருக்கு."

பரந்தாமன் மூச்சை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். காலைப் பற்றி, மருத்துவக் குழுவைப் பற்றி, பெட்டியை ஏமாற்றியதைப் பற்றி. ஹெலன் பொறுமையாகக் கேட்டார். தமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது என்றும், ஆனாலும் அவர் வெளியே வந்தாக வேண்டும், பச்சோந்தியைத் தாம் எடுத்துப்போக வேண்டும் என்றும் சொன்னார்.

மிராசுவைக் கிளையில் விட்டுவிட்டுப் பரந்தாமன் வெளியே வந்தார். கூடத்தில் நாற்பத்துமூன்று டிகிரி. சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரை வந்து விழுந்தார். உள்ளே மிராசு நிறம் மாறத் தொடங்கியது. பச்சை பழுப்பாகி, பழுப்பு கரியாயிற்று. பெட்டி சிவப்பாக மின்னியது. ஹெலனின் போன் அடித்தது. அலுவலகத்தில் மேலதிகாரி. கூண்டிலிருந்து எதையோ எடுத்துவிட்டீர்களாமே, பிராணி துடிக்கிறது, எடுத்ததை உடனே இருந்த இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனைத் துண்டித்தார்.

இரண்டு பெண்களும் பரந்தாமனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். மிராசு தோளேறிக் கொஞ்ச நேரத்தில் பச்சையாயிற்று. ஹெலன் பெருமூச்சு விட்டுப் பாறையில் உட்கார்ந்தார். அது கட்டில் என்று அவருக்கு உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது.

"பயத்துலயும் கறுக்கும், குளிருக்கும் கறுக்கும்," என்றார் ஹெலன். "எதுன்னு தெரியாது. எதுவா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

"பதினாலாவது பிரிவு மேடம்," என்றார் பரந்தாமன் மெதுவாக. "எதை அகற்றினால் பிராணி துன்புறுமோ அது அதன் வாழிடத்தின் பகுதி. அதை அகற்றக் கூடாது."

ஹெலனுக்கும் அந்தப் பிரிவு தெரியும். மூன்று முறை சோதித்துப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. மூன்று முறையும் பரந்தாமனை வெளியே கொண்டுவந்து உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று முறையும் மிராசு கறுத்துப் பச்சையாயிற்று. ஹெலன் படிவத்தில் நான்கு என்பதை அடித்து ஐந்து என்று எழுதினார்.

பரந்தாமன் நன்றி சொல்லவில்லை. வசுமதியையும் அந்தப் படிவத்தில் சேர்க்கச் சொன்னார். தனக்குச் சாப்பாடும் பிராணிக்குத் தீனியும் அவள்தான் தருகிறாள், கூண்டே அவள் கட்டியது என்றார். ஹெலன் சரியென்று வசுமதியை வெளியே போகச் சொன்னார். அவள் வலைக்கு வெளியே போய் நின்றாள். மிராசு பச்சையாகவே இருந்தது. கூடுதலாக, நாக்கை நீட்டி ஒரு வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அது கண்ணைக்கூட அவள் பக்கம் திருப்பவில்லை.

"ரெண்டு மாசமா ஊட்டினது நானு," என்றாள் வசுமதி. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று இரண்டாம் மாடியில் சிக்கி நிற்பதாகவும், போகவேண்டும் என்றும் சொல்லிக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மணி ஒன்றரை.

பரந்தாமன் மிராசுவோடு கதவு வரைக்கும் வந்தார். பிறகு கதவைத் தாண்டினார். ஹெலன் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. நாற்காலியின் முதுகில் கிடந்த துண்டை எடுத்து, தண்ணீர்ப் பானையில் முக்கிப் பிழிந்தார். வாசலுக்குப் போவதற்குள் முழங்கால் மடங்கிற்று. சுவரோடு சரிந்தபடியே போய் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். மிராசு அவர் சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டு கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. ஹெலனின் போன் மறுபடி அடித்தது.

அவர் அதை எடுக்கவில்லை. பரந்தாமனுக்குப் பக்கத்தில் குனிந்து, எதற்காக வெளியே வந்தீர்கள் என்று கேட்டார்.

"தலைக்கு ஒண்ணும் போட்டுக்காம போறா மேடம். கோபத்துல மறந்துட்டா."

சத்தம் கேட்டு வசுமதி பாதிப் படியிலிருந்து ஓடிவந்தாள். திட்டிக்கொண்டே அவரைத் தூக்கினாள். அவள் கை பட்டதும் பரந்தாமனின் மூச்சு நிதானத்துக்கு வந்தது. அவரை உள்ளே கொண்டுபோய்ப் பாறையில் சாய்த்தபோது மிராசு ஓரங்களிலிருந்து மெல்லப் பச்சையாகிக்கொண்டிருந்தது. ஹெலன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் போனை எடுத்து, கூண்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துவிட்டிருந்தோம், இப்போது வைத்தாயிற்று என்றார்.

பத்து நாளில் திருத்திய சான்றிதழ் வந்தது. பரந்தாமன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வேறு யாருடைய பத்திரத்தையோ சரிபார்ப்பதுபோல வாசித்தார். கிளைகள் பதினெட்டு, செம்பருத்தி இரண்டு, மரங்கள் ஐந்து, அவற்றில் நடமாடுவது ஒன்று. மண் ஒன்று, மேற்படி மரம் நிற்பதற்கு இன்றியமையாதது, தொழில் நிமித்தம் வெளியே போய்வரலாம். மரத்தை மட்டும் அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் இடம் மாற்றக் கூடாது. மகாராஷ்டிரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இனிமேல் அவர் போக முடியாது. காட்பாடிக்குப் போகவும் மனுச் செய்யவேண்டும்.

"ஊர்ல எல்லார் சொத்தையும் எழுதினேன் வசு," என்றார். "இப்ப நானே அசையாச் சொத்து ஆயிட்டேன்."

அவருக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இடம் மாற்றக் கூடாது என்ற வரியை அவர் மறுபடி எடுத்துப் படித்ததை வசுமதி கவனித்தாள்.

சான்றிதழில் மாதம் இருமுறை ஆய்வு என்று இருந்தது. ஹெலன் தவறாமல் வந்தார். அவர் வீட்டிலும் நான்கு மணி நேரக் குளிர்தான். இலைகளை எண்ணுவதற்கு அவருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. எண்ணிக்கை ஒருபோதும் சரியாக வராததால், செம்பருத்திக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

சான்றிதழ் வந்த அன்று சாயங்காலம் வசுமதி தலையணையை எடுத்துக்கொண்டு முதல்முறையாக மணி பார்க்காமல் உள்ளே போனாள். பெட்டி அவளை எண்ணியது, சும்மா இருந்தது. பரந்தாமன் பாறையில் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தார். கூரையிலிருந்து பனி இறங்கியது. இலைகளில் சொட்டு சேர்ந்தது. வெப்பம் இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்கிக்கொண்டு போயிற்று. வசுமதி கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு காலை மடக்கிக்கொண்டாள். அந்தக் குளிருக்குப் பழகிவிட்ட பரந்தாமன் என்னவென்று கேட்டார்.

"குளிருது," என்றாள்.

தான் சொன்னது தனக்கே நம்ப முடியாமல் அவள் எழுந்து உட்கார்ந்தாள். பரந்தாமனும் எழுந்தார். அவள் வெளியே போய் அலமாரியில் தேடினாள், பரணில் தேடினாள், எதிர்வீட்டுக் கதவைத் தட்டியும் கேட்டாள். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் ஒரு போர்வை இல்லை.